முதுகில் ஒரு தடிப்பு, எலும்பில் வெள்ளைப் புள்ளி

என் சித்தப்பா மகன் பினாங்கு ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிளில் போகும்போது மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்தான். இடுப்பில் அடி. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பெலும்பிலும் தொடையெலும்பின் தலைப்பகுதியிலும் அரிசி இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். உடம்பில் எங்கேயோ இருக்கும் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் இப்படித் தெரியலாம், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குப் போன் வந்தது.

“அக்கா, எலும்பு பூரா புள்ளியா இருக்காம். கேன்சரா இருக்கலாமாம். நீங்கதானே லேப்ல வேலை பார்த்தீங்க, சொல்லுங்க.”

அவனுக்கு 38 வயது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அடுத்த பதினொரு நாள் சித்தி வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். எலும்பு ஸ்கேனுக்கு எழுதினார். அப்புறம் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகின் கீழ்ப்பகுதியில், பயறு அளவிலிருந்து மொச்சை அளவு வரை, தோலின் நிறத்திலேயே கொஞ்சம் வெளுத்தாற்போல் ஏழெட்டுத் தடிப்புகள் இருந்தன. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, அப்பாவுக்கும் இருந்தது, எங்கள் வீட்டில் ‘தாத்தா மரு’ என்று சொல்வோம் என்றான் தம்பி. அதைக் கேட்டதும் டாக்டர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தனக்கு மூச்சு வந்தது என்று பின்னால் சொன்னான்.

தம்பிக்கு இருப்பது புஷ்கே–ஓலண்டார்ஃப் சிண்ட்ரோம். எலும்பில் இருப்பவை புற்றுநோய் இல்லை. முதுகில் இருப்பது மருவும் இல்லை. தோலுக்குள் இருக்கும் நார் சில இடங்களில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பினாங்கில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அறுத்து எடுத்த தோலும் சதையும் ஃபார்மலின் புட்டியில் வரும். அதை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி நோயியல் மருத்துவரின் மேசையில் வைப்பது எங்கள் வேலை. ஆயிரக்கணக்கான கட்டிகள் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஆனாலும் இந்த நார்க் கட்டிகளைப் பற்றி நான் சரியாகப் புரிந்துகொண்டது தம்பி விழுந்த பிறகுதான்.

தோல் என்றால் வெளியே தெரிவதைத்தான் நினைக்கிறோம். வெளியே தெரியும் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் கனம்தான். தோலுக்கு உறுதியும் உருவமும் தருவது அதற்கு அடியில் இருக்கும் உள்தோல். பழைய தேங்காய் நார் மெத்தையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்தோலைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தடித்த நார்கள் கொலாஜன். உலர்ந்த எடையில் தோலின் முக்கால் பங்குக்கு அருகில் அதுதான். இழுத்தால் கிழியாமல் காப்பது அதன் வேலை. அவற்றுக்கு நடுவே மெல்லிய ரப்பர் இழைகள் மாதிரி ஓடுவது எலாஸ்டின். அளவில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குதான் வரும். ஆனால் கன்னத்தைக் கிள்ளிவிட்டால் தோல் பழையபடி போய் ஒட்டிக்கொள்வது அந்த இழைகளால்தான். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மாவுக்கு இதை விளக்கியபோது, “அப்போ தோலுக்குள்ளயும் பால் உறைஞ்சிருக்குன்னு சொல்லு” என்றார். தவறில்லை. இந்த நார்களுக்கு இடையில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் கூழ் போன்ற பொருள் ஒன்று இருக்கிறது. மூன்றையும் உற்பத்தி செய்து பராமரிப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற உயிரணுக்கள். எல்லாம் சேர்ந்ததுதான் இணைப்புத்திசு.

இந்த உற்பத்தியில் ஏதாவது ஒரு சரக்கு ஒரு சின்ன இடத்தில் மட்டும் கூடிப்போனால் தோல் மேலே எழும்பித் தடிப்பாகிறது. மருத்துவத்தில் அதற்கு இணைப்புத்திசு நீவஸ் என்று பெயர். கொலாஜன் கூடியிருந்தால் கொலாஜனோமா, எலாஸ்டின் கூடியிருந்தால் எலாஸ்டோமா. கூழ்ப்பொருள் கூடுவதும் உண்டு, அது இன்னும் அரிது. ‘ஓமா’ என்று முடிந்தால் நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் இவை ஹமார்ட்டோமா என்ற வகை. 1904இல் ஜெர்மன் நோயியலாளர் ஆய்கன் அல்பிரெக்ட் கிரேக்க மொழியில் ‘பிழை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உண்டாக்கினார். பிழை என்றால் கட்டுமானப் பிழை. அந்த இடத்துக்கு உரிய திசுதான், அளவும் அடுக்கும் மட்டும் மாறிவிட்டது. புற்றுநோயில் நடப்பது வேறு. அங்கே உயிரணுக்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகும், பக்கத்துத் திசுவைத் தின்னும், ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறிப் போகும். நார் கூடிய தோல் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சிறுசிறு கொப்புளம் போன்ற மேடுகளாகவோ, கூழாங்கல் பாவிய தரை மாதிரி சேர்ந்த தட்டையாகவோ இருக்கும். முதுகு, இடுப்பு, புட்டம், தொடை, கை என்று வரும். வலிக்காது, அரிக்காது, நீர் வடியாது. ஒன்று சொல்ல வேண்டும்: மருத்துவப் புத்தகங்களில் இவற்றை ‘மஞ்சள் நிறம்’ அல்லது ‘தோல் நிறம்’ என்று எழுதியிருப்பார்கள், படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்த மஞ்சள் எடுபடாது. கண்ணைவிட விரல் முந்திக் கண்டுபிடிக்கும். குளிக்கும்போது சோப்பு ஓடும் விரலுக்கு அது தட்டுப்படும். அதனால்தான் எங்கள் வீட்டில் சித்தப்பாவின் முதுகைத் தேய்த்துவிட்ட சித்திக்குத்தான் அதைப் பற்றி முழு விவரமும் தெரிந்திருந்தது.

இப்போது பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறேன். இங்கேதான் இந்த நோயின் விசித்திரமே இருக்கிறது.

ஒரு தடிப்பை அறுத்து எங்களிடம் அனுப்பினால் முதலில் போடுவது ஹீமட்டாக்சிலின்–இயோசின் என்ற வழக்கமான சாயம். அதில் உயிரணுக்களின் கரு நீலமாகவும் நார் இளஞ்சிவப்பாகவும் தெரியும். புற்றுநோய் என்றால் அந்தச் சாயத்திலேயே நீலக் கருக்கள் கூட்டம் கூட்டமாக, கோணல்மாணலாக நின்று காட்டிக்கொடுக்கும். இணைப்புத்திசு நீவஸில் அப்படி எதுவும் தெரியாது. இளஞ்சிவப்பு நார், இளஞ்சிவப்பு நார், மேலும் இளஞ்சிவப்பு நார். எலாஸ்டின் அந்தச் சாயத்தில் தனியாகக் கண்ணில் படுவதே கடினம். சாதாரணத் தோல் என்று எழுதி அனுப்பிவிட எல்லா நியாயமும் இருக்கிறது.

நோயியல் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் மேசனின் மூவண்ணச் சாயம் கேட்பார். அதில் கொலாஜன் நீலமாகவோ பச்சையாகவோ வரும். வெர்ஹாஃப்–வான் கீசன் சாயம் கேட்டால் எலாஸ்டின் இழைகள் கறுப்பு மையில் எழுதிய மாதிரி எழுந்து வரும், கொலாஜன் சிவப்பாகத் தெரியும். எலாஸ்டோமாவை அந்தக் கறுப்பில் பார்த்தால் மறக்க முடியாது. வழக்கமாக நூல்போல ஓடும் இழைகள் அங்கே தடித்த கயிறுகளாகப் பின்னிக் கிடக்கும்.

சாயம் போட்டாலும் போதாது. ‘கூடுதல்’ என்று சொல்ல வேண்டுமானால் எதைவிடக் கூடுதல் என்று தெரிய வேண்டும். முதுகின் தோல் இயல்பாகவே கனமானது, கையின் உட்புறத் தோல் மெல்லியது. ஆகவே தடிப்போடு அதை ஒட்டிய நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து, ஆழமாக எடுத்து அனுப்பினால்தான் ஒரே சீவலில் இரண்டையும் வைத்துப் பார்க்க முடியும். நடுவிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி அனுப்பினால் பயனில்லை. அதோடு வரும் கோரிக்கைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். என் காலத்தில் எத்தனையோ தாள்களில் ‘முதுகில் கட்டி’ என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எத்தனை வருஷமாக இருக்கிறது, எத்தனை இருக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது உண்டா? ஒன்றும் இருக்காது. அந்த மூன்று வரி இல்லாமல் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருப்பவர் பாவம், என்ன செய்வார்?

அதாவது, இந்தக் கட்டியைத் தனியாகப் பார்த்தால் அது எதுவுமே சொல்லாது. பக்கத்துத் தோலோடு வைத்துப் பார்க்க வேண்டும், உடம்பின் மற்ற இடங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும், அப்பா அம்மாவின் உடம்போடும் வைத்துப் பார்க்க வேண்டும். தம்பியின் விஷயத்தில் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தவர் பயந்தார். முதுகையும் சேர்த்துப் பார்த்தவர் சிரித்தார்.

1928இல் பெர்லினில் இதே மாதிரி இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள்தான் ஆபிரகாம் புஷ்கேயும் ஹெலனே ஓலண்டார்ஃபும். புஷ்கே அங்கே தோல் மருத்துவத்தில் பெயர் பெற்றவர். ஓலண்டார்ஃப் அவரிடம் பணியாற்றிய இளம் மருத்துவர். தோலில் பரவலாக இருக்கும் நார்த் தடிப்புகளும் எலும்பில் இருக்கும் புள்ளிகளும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை அவர்கள் எழுதினார்கள். இரண்டு பேரும் யூதர்கள். நாஜிகள் காலத்தில் புஷ்கே தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு 1943இல் அங்கேயே இறந்தார். ஓலண்டார்ஃப் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். திருமணத்துக்குப் பிறகு ஹெலன் கர்த் என்ற பெயரில், உள்ளுறுப்புப் புற்றுநோயைத் தோலில் தெரியும் எந்த அடையாளங்களை வைத்துச் சந்தேகிக்கலாம், எவற்றை வைத்துச் சந்தேகிக்கக் கூடாது என்பதற்கு விதிகள் வகுத்தார். இன்றும் தோல் மருத்துவர்கள் அவற்றை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். தம்பியின் டாக்டர் அந்தப் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது எனக்கு இது எதுவும் தெரியாது. தேடிப் படித்தபோது மனசு கனத்துப்போனது.

காரணம் 2004இல் தெரிந்தது. லெம்-டி-3 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று வேலை செய்யாமல் போவதுதான். உடம்பில் டி.ஜி.எஃப்-பீட்டா என்று ஒரு சமிக்ஞை இருக்கிறது. நார் உற்பத்தி செய், எலும்பு கட்டு என்று உயிரணுக்களுக்குக் கட்டளை கொண்டுபோவது அது. லெம்-டி-3 மரபணு தயாரிக்கும் புரதம் உயிரணுக் கருவின் உட்சுவரில் உட்கார்ந்து அந்தக் கட்டளையை மட்டுப்படுத்துகிறது. அந்தப் புரதம் பாதியாகக் குறைந்தால் கட்டளை உரக்கக் கேட்கிறது. தோலில் எலாஸ்டின் அல்லது கொலாஜன் கூடுகிறது, எலும்பின் முனைகளில் அடர்த்தியான புள்ளிகள் விழுகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தோலில் மட்டும் இருக்கும், இன்னொருவருக்கு எலும்பில் மட்டும் இருக்கும், மூன்றாமவருக்கு இரண்டும் இருக்கும். எலும்புப் புள்ளிகள் மூட்டுகளை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சின்னதாக உருண்டையாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எலும்பு ஸ்கேனில் புற்றுநோய்ப் பரவல் பொதுவாகப் பிரகாசமாகத் தெரியும், இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தெரிவதே இல்லை. தம்பியின் ஸ்கேன் வெறுமையாக வந்தது. அதன் பிறகு எந்த மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை.

தம்பிக்கு அமைந்த மாதிரி எல்லாருக்கும் அமைவதில்லை. தோலில் இருக்கும் தடிப்பு தீங்கில்லாததாக இருந்தும், அது சுட்டிக்காட்டும் விஷயம் பெரியதாக இருக்கிற நோய்களும் உண்டு. அவற்றில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்.

அந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் சொரசொரப்பான, கொஞ்சம் உயர்ந்த ஒரு தட்டை வரும். அதற்கு ஷக்ரீன் தடிப்பு என்று பெயர். ஷக்ரீன் என்பது திருக்கை, சுறா மீன்களின் தோலில் செய்யும் சொரசொரப்பான ஒரு வகைத் தோல்சரக்கு. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் திருக்கையை மல்லாக்கப் போடாமல் குப்புறப் போட்டு வைத்திருக்கும்போது முதுகைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. நுண்ணோக்கியில் அது வெறும் கொலாஜனோமாதான். ஆனால் அந்தப் பிள்ளையின் மூளையிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் இதே மாதிரி கட்டுமானப் பிழைகள் இருக்கக்கூடும். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வலிப்பு வருகிறது, பலருக்கு முதல் வயதிலேயே வந்துவிடுகிறது.

ஷக்ரீன் தடிப்பு தாமதமாக வருகிற அடையாளம். பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே, பிறக்கும்போதோ கைக்குழந்தைப் பருவத்திலோ, வேப்பிலை வடிவில் வெளுத்த தேமல் மாதிரி திட்டுகள் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் தோல் நமக்கு உதவுகிறது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு அந்தத் திட்டைக் கண்டுபிடிக்கப் புற ஊதா விளக்கு பிடிக்க வேண்டியிருக்கும், நம் குழந்தைக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒன்றிரண்டு வெளுத்த புள்ளி எத்தனையோ ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அதோடு குழந்தை திடீர் திடீரென்று தலையைக் குனிந்து உடம்பை மடக்கினால், தேமல் என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது. பள்ளிக்கூட வயதில் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்திலும் சிவந்த சின்னப் பருக்கள் வரும். அவையும் நாரும் ரத்தக்குழாயும் சேர்ந்த கட்டிகள்தான். பருவம் வருவதற்கு முன்னாலேயே வந்த பரு என்று நினைத்துப் பலர் முகப்பரு க்ரீம் பூசிக் காலம் கடத்துகிறார்கள். நகத்தின் ஓரத்தில் சதை முளைப்பதும் உண்டு.

பாரிசில் புர்னவீல் 1880இல் இந்த நோயை விவரித்தார். மரபணுக்கள் கிடைத்தது மிகவும் பின்னால்: டி.எஸ்.சி-2 1993இல், டி.எஸ்.சி-1 1997இல். மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளின் பெற்றோருக்கு இந்த நோய் இல்லை, பிழை பிள்ளையிடம்தான் புதிதாக நேர்கிறது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நம் வீடுகளில் பிள்ளைக்கு ஒன்று என்றால் உடனே யார் வம்சத்தில் வந்தது என்று மருமகளைப் பார்ப்பார்கள்.

அந்த இரண்டு மரபணுக்களும் சேர்ந்து எம்-டோர் என்ற வளர்ச்சி இயந்திரத்துக்குப் பிரேக் போடுகின்றன. பிரேக் போனால் வளர்ச்சி நிற்பதில்லை. அந்த இயந்திரத்தை அடக்கும் மருந்து வந்த கதை அழகானது. 1964இல் ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு கனடியக் குழு அங்கிருந்து மண் எடுத்து வந்தது. மொன்றியாலில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் சுரேந்திர நாத் சேகல் என்ற பஞ்சாபிய விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் அந்த மண்ணில் இருந்த ஒரு கிருமியிலிருந்து புதிய பொருள் ஒன்றைப் பிரித்தார்கள். தீவின் பெயர் ராப்பா நூயி, ஆகவே மருந்து ராபமைசின். முதலில் பூஞ்சைக் கொல்லியாகப் பார்த்தார்கள், பிறகு சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு வந்தது, இப்போது சிரோலிமஸ் என்ற பெயரில் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் பிள்ளைகளின் முகத்தில் பூசும் ஜெல்லாகவும் ஆகியிருக்கிறது. ஜப்பான் 2018இலும் அமெரிக்கா 2022இலும் அந்த ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தன.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை இன்னும் அரிது. கௌடன் சிண்ட்ரோமில் தோலில் ஒரு வகை இறுகிய கொலாஜன் கட்டி வரும். அந்தக் குடும்பத்தில் மார்பகம், தைராய்டு, கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுதல் என்பதால் அது முக்கியமாகிறது. பர்ட்–ஹாக்–டூபே சிண்ட்ரோமில் முகத்திலும் கழுத்திலும் முடிக்கால்களைச் சுற்றி வெளுத்த நார்ப் பொட்டுகள் வரும், நுரையீரலில் காற்றுப் பைகளும் சிறுநீரகத்தில் கட்டியும் வரலாம். புரோட்டியஸ் சிண்ட்ரோமில் உள்ளங்காலில் மூளையின் மடிப்புகள் மாதிரி கொலாஜன் தடித்துக்கொள்ளும். அதற்கான மரபணுப் பிழையை 2011இல் கண்டுபிடித்தார்கள். குடும்பவழிக் கொலாஜனோமா என்று தனியாக ஒன்றும் உண்டு. பதின்பருவத்தில் முதுகிலும் கைகளிலும் நிறைய வரும், சிலருக்கு இதயத் தசைக் கோளாறும் சேர்ந்து பதிவாகியிருப்பதால் இதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனையையும் படித்துவிட்டு வீட்டில் யாரும் கண்ணாடி முன்னால் நின்று பயப்பட வேண்டாம். தோலில் தட்டுப்படும் பெரும்பாலான கட்டிகள் இவை எதுவும் இல்லை. மெத்தென்று உருளுவது கொழுப்புக்கட்டி. கழுத்தில் தொங்குவது பாலுண்ணி. காலில் கொசு கடித்த இடத்தில் வந்ததாக நினைக்கும் கறுத்த, கெட்டியான பொத்தான் மாதிரியான கட்டி பெரும்பாலும் டெர்மட்டோஃபைப்ரோமா. இரண்டு விரலால் பக்கவாட்டில் அமுக்கினால் அது கன்னக்குழி மாதிரி உள்ளே அமுங்கும். அதுவும் நார்க் கட்டிதான், தீங்கில்லாதது, அரிதும் இல்லை. காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்வது கெலாய்டு. அது அடிபட்ட இடத்தில் கொலாஜன் அடங்காமல் ஊறுவதால் வருவது, புண் இருந்த எல்லையைத் தாண்டும், அரிக்கும், நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அதிகம். இணைப்புத்திசு நீவஸ் அடிபடாமலே வருவது, தன் எல்லையில் கிடப்பது.

ஒன்றுக்கு மட்டும் கவனம் வேண்டும். டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா என்று ஓர் அரிய புற்றுநோய் உண்டு. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்குத்தான் வருகிறது. தோளிலோ மார்பிலோ பழைய தழும்பு மாதிரி கெட்டியாக இருந்து, பல வருஷம் மெதுவாக, ஆனால் நிற்காமல் வளரும். அதன் உள்ளே நடப்பதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கொலாஜன் மரபணுவின் ஒரு துண்டு இடம் மாறிப்போய் ஒரு வளர்ச்சிக் காரணியின் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. கொலாஜன் தயாரிக்கும் வேகத்தில் வளர்ச்சிக் கட்டளை தயாராகிறது. தூர உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு, ஆனால் சுற்றியுள்ள ஓரத்தையும் சேர்த்து வெட்டாவிட்டால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே வளர்ந்த வயதில் புதிதாக வந்து, தொடர்ந்து பெரிதாகும் கெட்டியான தடிப்பை டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து அப்படியே இருப்பது வேறு கணக்கு.

நம் ஆட்கள் ஏன் காட்டுவதில்லை? ஒரு காரணம், நாம் பயன்படுத்தும் சொல். தமிழில் கட்டி, மலாயில் கெத்தும்புஹான். கொழுப்புக்கும் நாருக்கும் புற்றுக்கும் ஒரே சொல்தான். கெத்தும்புஹான் இருக்கிறது என்று கவுண்டரில் சொன்னாலே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். இன்னொரு காரணம் இன்னும் பழையது. பினாங்குப் பாலத்தில் போகும்போது தெரிகிற ஜெரெஜாக் தீவில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு 1930இல் வந்தது. தோலில் தடிப்பு வந்தால் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எங்கள் பாட்டி தலைமுறைக்கு எலும்பு வரை இருந்தது. முதுகை மறைத்துச் சட்டை போட்ட தாத்தாவுக்குத் ‘தாத்தா மரு’ என்று பெயர் வைத்துச் சிரித்ததுகூட அந்தப் பயத்தை மூடத்தான் என்று இப்போது தோன்றுகிறது. தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மரத்துப்போகும். நார்த் தடிப்பில் ஊசி பட்டால் சுரீரென்று வலிக்கும். இன்று தொழுநோயும் மாத்திரையில் குணமாகிற நோய்தான்.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, அழகுநிலையத்தில் சுட்டு எடுப்பது, இவற்றில் எதுவும் வேண்டாம். உள்தோலில் இருப்பதை மேலே சுட்டு எடுக்க முடியாது. போதாக்குறைக்கு அந்தப் புண்ணில் கெலாய்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து சூராட் ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போகலாம். மரபணு ஆலோசனை தேவைப்பட்டால் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் துறை இருக்கிறது. காத்திருக்க நேரும், அதை மறைக்கவில்லை. போகும்போது எப்போதிலிருந்து இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திசு எடுக்க வேண்டும் என்றால், பக்கத்து நல்ல தோலையும் சேர்த்து எடுப்பீர்களா என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தம்பி இப்போது ஐசி (அடையாள அட்டை) வைக்கும் பர்ஸில், பிளாஸ்டிக் உறைக்குள், மடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறான். எலும்பில் புள்ளிகள் இருக்கும், அது இன்ன நோய், புற்றுநோய் இல்லை என்று டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டது. இன்னொரு தடவை எங்காவது விழுந்து எக்ஸ்ரே எடுத்தால் காட்டுவதற்காக.

போன மாதம் மறுபடி போன் வந்தது. மகளுக்கு ஒன்பது வயது, குளிப்பாட்டும்போது தொடையில் இரண்டு தடிப்பு தட்டுப்பட்டதாம்.

“அக்கா, தாத்தா மரு வந்திருச்சு,” என்றான். குரலில் பயம் இல்லை. “நேத்துத்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். பார்த்துட்டு, அந்தப் பேப்பரை எடுத்து அவ பேரையும் கீழ எழுதிக் கொடுத்தாரு.”